கடலுக்கடியில் ஈர்ப்பை அளந்த வெனிங் மைனெஸ்

லுக்குட் – இங்குள்ள கோட்டைக் குன்றுக்கு மேற்கே மலாக்கா நீரிணை, அதற்கப்பால் சுமத்ரா. அங்கே நிலம் அதிர்ந்தால் நம் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் விளக்குகள் ஆடும். அந்த ஆட்டத்தின் வேரைத் தேடி நீர்மூழ்கியில் இறங்கியவர் ஃபெலிக்ஸ் வெனிங் மைனெஸ் என்ற டச்சுக்காரர்.

1887-இல் நெதர்லாந்தின் ஸ்கெவெனிங்கனில் பிறந்தார். தந்தை ரோட்டர்டாமுக்கும் பிறகு ஆம்ஸ்டர்டாமுக்கும் மேயராக இருந்தவர். மகன் 1910-இல் டெல்ஃப்டில் பொறியியல் முடித்து, நாடு முழுக்கப் புவியீர்ப்பை அளக்கும் வேலையில் சேர்ந்தார். ஊசல் ஆடும் வேகத்தை வைத்து அளக்க வேண்டும். அந்நாட்டுச் சேற்று நிலமோ அதிர்ந்து கணக்கைக் கெடுத்தது. பல ஊசல்களைச் சேர்த்து ஆடவிட்டு, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அதிர்வைக் கழித்தார்.

அதே வழி கடலுக்கும் உதவியது. கப்பல் அலையில் ஆடும். ஆழத்தில் நீர்மூழ்கி அவ்வளவு ஆடாது. 1923-இல் கே-2 நீர்மூழ்கியில் சூயஸ் வழியாக ஜாவா வந்தார். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரமுள்ளவர், அந்தக் குறுகிய இரும்புக் கூட்டில் எப்படிக் காலை நீட்டிப் படுத்தாரோ! 1934, 1935-இல் கே-18 நீர்மூழ்கியில் மீண்டும் சுரபாயா வரை போனார்.

சுமத்ரா, ஜாவாவுக்கு வெளியே கடலடியில் ஈர்ப்பு குறைந்த நீண்ட பட்டை ஒன்று அவர் கணக்கில் சிக்கியது. கனமான பாறை இருக்க வேண்டிய இடத்தில் லேசான மேலோடு கீழே இழுக்கப்பட்டிருக்கிறது, பூமிக்குள் மெல்ல நகரும் பாறை ஓட்டமே அதை இழுக்கிறது என்றார். மேலோடு மடிந்து இறங்குவதாக அவர் நினைத்தது முழுச் சரியில்லை. ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் சரிகிறது என்பது 1960-களில் தெளிவானது. அவர் 1966-இல் காலமானார்.

வெல்லப்பாகில் கனமான பொருள் அமிழ்ந்தால் மேற்பரப்பும் சற்றுக் குழியும். சரியும் தட்டும் அப்படித்தான் மேலுள்ள நிலத்தைத் தாழ்த்துகிறது. மலாயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோவைத் தாங்கும் சுண்டா நிலத்திட்டு ஆண்டுக்கு 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் தாழ்ந்துவருவதாக 2019-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சுமார் 4,00,000 ஆண்டுகளுக்கு முன்புவரை, கடல் உயர்ந்த காலங்களிலும் அத்திட்டு மூழ்கவில்லையாம்.

ஆனால் போர்ட்டிக்சன் கரையில் கடல் ஏறுவதற்கு இதைக் காரணம் காட்ட முடியாது. உலகச் சராசரியில் கடல்மட்டம் இன்று ஆண்டுக்கு 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்கிறது. நிலம் தாழ்வதைவிட அது பத்து மடங்கு வேகம்.