தச்சுக்கை மருத்துவர்

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பால் பிராண்டு பிறந்தார். பெற்றோர் ஆங்கில நாட்டினின்றும் வந்து மலைவாழ் மக்களுக்கு மருந்தும் கல்வியும் அளித்த கிறித்துவத் தொண்டர்கள். ஒன்பதாம் வயதில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்து சென்ற சிறுவர் தந்தையாரை மீண்டும் காணவில்லை. 1929இல் அவர் அம்மலையிலேயே காய்ச்சலால் மாண்டார்.

பள்ளி முடிந்ததும் பால் பிராண்டு நாடியது மருத்துவத்தை அன்று. தச்சும் கொத்துவேலையும் பயின்றார். அளந்து குறியிட்ட பின்னரே உளியை வைக்கும் வழக்கம் அங்கே படிந்தது. பின்பு இலண்டனில் அறுவை மருத்துவம் கற்று, 1946இல் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயால் விரல்கள் தாமே அழுகி உதிரும் என்று மருத்துவரும் எண்ணியிருந்த காலம் அது. செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தில், கொக்கிபோல் மடங்கிய கையுடைய ஒருவருக்குப் பிராண்டு கைகொடுத்தார். அக்கை அவர் கையை நசுக்குவதுபோல் இறுக்கியது. நோவினும் வியப்பே மிகுந்தது. செயலற்றவை சில தசைகளே. முன்கையில் வலிமை குன்றாத தசைகள் இருந்தன. அவற்றின் நாண்களை இடம் மாற்றித் தைத்தால் விரல் விரியுமன்றோ? விரல்களைத் தின்றது உணர்ச்சியின்மை என்பதையும் கண்டறிந்தார். நெருப்புச் சுடுவதும், இரவில் எலி கடிப்பதும் அவர்கட்குத் தெரிவதில்லை. நோயாளர்க்குப் பூனைகளை அளித்ததும் மருத்துவமே ஆயிற்று!

மூட்டே இறுகிய விரலுக்கு நாண் மட்டும் போதாது. இருபுறத்து எலும்பு முனைகளையும் சீவிப் பொருத்தி, ஒன்றாக வளரச் செய்தல் வேண்டும். ஒட்டிய கோணம் வாழ்நாள் முழுதும் மாறாது. மண்வெட்டி பிடிப்பவர்க்கு ஒரு வளைவும் எழுதுகோல் பிடிப்பவர்க்கு வேறொரு வளைவும் வேண்டும். ஆதலின் வெட்டின் சாய்வை முன்னரே அளந்து முடிவு செய்வர். புரண்ட பாதத்தினின்று ஆப்பு வடிவில் எலும்பை எடுத்து, அடி நிலத்திற் படியச் செய்வதும் உண்டு. ஆப்பின் அளவு பிழைத்தால் உடற்சுமை ஓரிடத்தே அழுந்திப் புண்ணாகும். மரவேலையில் பிழைத்தால் வேறு பலகை எடுத்துக்கொள்ளலாம்.

திருந்திய கையோடு சென்றவருட் சிலர் வருந்தித் திரும்பினர். கோணற்கைக்கு இரங்கிக் காசிட்டோர் நல்ல கைக்கு இடவில்லை. நோயின் பெயர் கேட்டோர் வேலையும் தரவில்லை. அறுவை பாதிப் பணியே என்றுணர்ந்த பிராண்டு, கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்னும் குடியிருப்பை அமைத்தார். சிற்றூர்போல் விளங்கிய அவ்விடத்தில் நோயாளர் மரப்பொம்மைகள் செய்யக் கற்றனர். இளமையிற் கற்ற தச்சு அங்கும் உதவியது.

1960இல் லாஸ்கர் விருது பெற்ற அவர், 1966இல் அமெரிக்கா சென்று கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தார், 2003இல் மறைந்தார்.