ஏமே ஆர்கண்ட்

ஏமே ஆர்கண்ட் (1750 - 1803) ஜெனீவாவில் பிறந்த வேதியியலாளரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். குழாய்த் திரியும் கண்ணாடிச் சிம்னியும் கொண்ட எண்ணெய் விளக்கை உருவாக்கியவர் இவரே. விக்டோரியா காலப் பித்தளை விளக்குகள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி. சிக்கலெண்களைக் குறிக்கும் ஆர்கண்ட் தளம் இவர் பெயரால் அமைந்ததன்று. அது அதே நகரில் 1768இல் பிறந்த வேறொரு ஆர்கண்டின் பெயராகும்.

இளமை

கடிகாரம் செய்பவரின் மகனான ஆர்கண்ட், அறிவியலாளர் டி சோசுரிடம் பயின்றபின் பாரிசு சென்றார். தென் பிரான்சில் திராட்சை மதுவிலிருந்து பிராந்தி வடிக்கும் முறையைச் சீர்படுத்தினார். 1780 அளவில் தமது விளக்கை உருவாக்கினார்.

விளக்கு

முந்தைய விளக்குகளில் திரண்ட திரியின் சுடர் நடுவே காற்று எட்டாது. எண்ணெய் முழுதும் எரியாமல் புகையும் கரியும் எழும். ஆர்கண்ட் திரியைக் குழாய் வடிவில் அமைத்து, ஒன்றனுள் ஒன்றாக நிற்கும் இரு உலோகக் குழாய்களின் இடையே செருகினார். உட்குழாய் வழியே மேலேறும் காற்று சுடரின் உட்புறத்தை அடைந்தது. சிம்னி காற்றோட்டத்தை விரைவுபடுத்தியது. ஆறு முதல் பத்து மெழுகுவர்த்திகளின் ஒளி ஒரே விளக்கில் கிடைத்தது. ஏற்பாடு மிக எளியது. ஆயினும் அதுவரை எவரும் அதனை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை.

ஒரு குறையும் இருந்தது. அக்காலத் தாவர எண்ணெய் தடித்தது. திரியில் உயர ஏறாது. எனவே எண்ணெய்க்கலம் பக்கவாட்டில் உயரமாக வைக்கப்பட்டது. அதன் நிழல் ஒருபுறம் விழுந்தது.

காப்புரிமை

1783இல் மொண்ட்கோல்ஃபியர் சகோதரர்களின் பலூன் முயற்சிகளுக்கு ஆர்கண்ட் பாரிசில் உதவினார். அப்போது அவரது விளக்கைப் பற்றி அறிந்த லாஞ்சு, கென்கே என்னும் இருவர் அதனையொத்த விளக்கைத் தமதென அறிவித்தனர். இங்கிலாந்து சென்ற ஆர்கண்ட் 1784இல் காப்புரிமை பெற்றார். பர்மிங்காமில் மேத்யூ போல்ட்டன் விளக்குகளைத் தயாரித்தார். பிற தயாரிப்பாளர்கள் வழக்காடியதால் 1786இல் அக்காப்புரிமை செல்லாததாயிற்று. அதன்பின் எவரும் உரிமைத்தொகை தராமல் இவ்விளக்கைச் செய்து விற்கலாம் என்றாயிற்று. பிரான்சில் 1787இல் லாஞ்சுடன் பகிர்ந்து பெற்ற உரிமையும் பிரெஞ்சுப் புரட்சியில் பறிபோனது. அங்கு அவ்விளக்குக்கு வழங்கிய பெயர்கூட கென்கே என்பதே. கண்டுபிடித்தவருக்குப் பெயரும் மிஞ்சவில்லை என்பது பெருங்கொடுமை. ஆர்கண்ட் 1803இல் வறுமையில் இறந்தார்.

பிற்காலம்

ஆர்கண்ட் விளக்குகள் கலங்கரை விளக்கங்களிலும் குழிவாடிகளுடன் பயன்பட்டன. 1850களுக்குப் பின் பரவிய மண்ணெண்ணெய் திரியில் எளிதில் ஏறியதால், எண்ணெய்க்கலம் சுடருக்குக் கீழே இடம்பெற்றது. பக்க நிழல் ஒழிந்தது. பர்மிங்காமின் ஹிங்க்சு நிறுவனம் 1865இல் இரு தட்டைத் திரிகள் கொண்ட விளக்கை வெளியிட்டது. நூற்றாண்டின் இறுதியில் வந்த பெரிய பித்தளை விளக்குகள் சிலவற்றில் ஆர்கண்டின் குழாய்த் திரி மீண்டும் இடம்பெற்றது.