பிரசவத்துக்குப் பின் வந்த மன அழுத்தம்: சார்லட் கில்மனுக்கு டாக்டர் சொன்ன ‘ஓய்வு’ என்ன செய்தது?

குழந்தை ஆரோக்கியமா இருக்கு. கணவர் அன்பானவர். உதவிக்கு அம்மாவும் வந்தாச்சு. அப்புறம் எதுக்கு அழுகை? பிரசவமான பெண்களிடம் இன்றும் பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. சுமார் 140 ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில் இதே கேள்விக்குப் பதில் தெரியாமல் தவித்தவர், எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன்.

யார் இவர்?

1860 ஜூலை 3 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோ, இவருடைய அப்பாவுக்குச் சித்தி. அப்பா சீக்கிரமே குடும்பத்தை விட்டுப் போய்விட்டதால் வறுமையில் வளர்ந்தார். ஓவியம் படித்து, விளம்பர அட்டைகளுக்குப் படம் வரைந்து சம்பாதித்தார். 1884-ல் ஓவியர் வால்டர் ஸ்டெட்சனைக் கல்யாணம் செய்துகொண்டார். 1885 மார்ச்சில் மகள் கேத்தரின் பிறந்தாள்.

என்ன நடந்தது?

குழந்தையைக் கையில் எடுத்தால் சந்தோஷத்துக்குப் பதில் வேதனைதான் வந்தது. நாள் முழுக்கச் சோர்வு, அழுகை, கூடவே குற்ற உணர்ச்சி. அந்தக் குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவில் இருந்த தோழி வீட்டுக்குப் போனதும் மனம் தெளிந்தது. வீடு திரும்பியதும் பழையபடி ஆகிவிட்டது.

1887-ல், 26 வயதில், ஃபிலடெல்ஃபியாவின் பிரபல நரம்பியல் மருத்துவர் வெயர் மிட்செலிடம் போனார். அவருடைய ‘ஓய்வு சிகிச்சை’ அப்போது ரொம்பப் பிரபலம். படுக்கையிலேயே இருக்க வேண்டும், நிறையச் சாப்பிட வேண்டும், உடம்பைப் பிடித்துவிடுவார்கள். சுமார் ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன அறிவுரை இதுதான்: வீட்டோடு இரு, குழந்தையை எப்போதும் பக்கத்திலேயே வைத்துக்கொள், படிப்பு, சிந்தனை எல்லாம் ஒரு நாளைக்கு 2 மணி நேரம் போதும், பேனாவையும் தூரிகையையும் இனி தொடவே தொடாதே.

சுமார் 3 மாதம் அப்படியே நடந்தார். குணமாகவில்லை, மனம் முற்றிலும் உடையும் நிலைக்குப் போய்விட்டார். அதன் பிறகுதான் டாக்டர் பேச்சை ஒதுக்கிவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தார்.

1888-ல் கணவரைப் பிரிந்து, மகளோடு கலிஃபோர்னியாவின் பசடீனாவுக்குக் குடிபோனார். 1892-ல் ‘தி யெல்லோ வால்பேப்பர்’ சிறுகதை வெளியானது. ஓய்வு என்ற பெயரில் ஓர் அறையில் அடைக்கப்பட்ட இளம் தாய், மெல்ல மெல்ல மனம் கலங்குவதுதான் கதை. அதை மிட்செலுக்கும் அனுப்பிவைத்தார்.

1894-ல் விவாகரத்து ஆனது. மகளை அப்பாவிடம் வளர அனுப்பியதற்காக, தாய்ப்பாசமே இல்லாதவர் என்று பத்திரிகைகள் திட்டின. பிறகு 1898-ல் வந்த ‘விமென் அண்ட் எகனாமிக்ஸ்’ புத்தகம் பெரும் புகழ் தந்தது. பெண்ணுரிமைக்குக் குரல் கொடுத்தாலும், இனம் பற்றிய இவருடைய கருத்துகள் பல இன்று ஏற்க முடியாதவை. மனச்சோர்வு வாழ்நாள் முழுக்க அவ்வப்போது வந்துபோனது. 1935-ல் பசடீனாவில் காலமானார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

சார்லட்டைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். ஆனால் உனக்கு என்ன வேணும்னு அவரிடம் கேட்டு, அதன்படி நடந்தவர்கள்தான் குறைவு. சிகிச்சை பெற்று சரியாக 100 வருஷம் கழித்து, 1987-ல், ‘எடின்பரோ’ அளவுகோல் வந்தது. கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தன என்று தாயிடமே கேட்கும் 10 கேள்விகள் அதில் உண்டு. உலகெங்கும் இன்று அது பயன்படுகிறது.

பிரசவமான சில நாட்களில் வரும் லேசான அழுகையும் எரிச்சலும் பொதுவாக 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். அதையும் தாண்டி நீடித்தால் அது மன அழுத்தமாக இருக்கலாம். கர்ப்ப காலத்திலேயேகூடத் தொடங்கலாம். குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மன அழுத்தம், வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்பாக்களுக்கும் வரலாம். இது பாசக் குறைவு இல்லை. பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து மூலம் சரிசெய்யக்கூடிய நோய்.

ஓய்வு அவசியம்தான். ஆனால் ‘சும்மா படு, எல்லாம் சரியாயிடும்’ என்பதோடு நிறுத்திவிடாமல், ‘மனசு எப்படி இருக்கு?’ன்னு கேட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள். உதவி தேவைப்பட்டால் டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம்.