பிஞ்சு இதயங்களைப் பயின்ற பெருமாட்டி மோட் அபொற்

நாம் வாழும் மொன்றியல் மாநகரின் நடுவே எழுந்து நிற்கும் மலையின் சரிவில் மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கட்டடங்கள் அமைந்துள்ளன. அவற்றுள் ஒன்றில் பழைமை வாய்ந்த மருத்துவ நூதனசாலை ஒன்று உண்டு. மோட் அபொற் என்னும் பெண் மருத்துவரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. எம்மவருட் பலர் அவ்வழியே நாளும் சென்று வருகின்றனர். ஆயினும் அப்பெயருக்குரியவரின் வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலரே. இதயத்திற் குறையோடு பிறக்கும் குழந்தைகளுக்காக ஒரு வாழ்நாளையே செலவிட்ட அப்பெருமாட்டியின் கதையை இம்மலர் வாயிலாக எம் மாணவச் செல்வங்களுக்கும் பெற்றோருக்கும் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டு முதல் பத்துப் பேர் இதயத்தில் ஏதேனும் ஒரு குறையுடன் பிறக்கின்றனர். சிலருக்கு அறைகளைப் பிரிக்கும் சுவரிற் சிறு துவாரம் இருக்கும். சிலருக்கு நுரையீரலுக்குச் செல்லும் வழி ஒடுங்கியிருக்கும். வேறு சிலருக்குப் பெருங்குழாய்கள் இடம் மாறியிருக்கும். இது பெற்றோர் செய்த பாவத்தால் வந்ததன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அன்று. கருவில் இதயம் உருவாகும்போதே நேர்ந்துவிடும் குறை இது. இன்று மருத்துவர்கள் இதனை எளிதாக விளக்குகின்றனர். ஆனால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் நிலை வேறு. உதடும் நகமும் நீலம் பாரித்த குழந்தையைத் தாய் தூக்கி வந்தால், மருத்துவரும் செய்வதறியாது நின்றார். இத்தகைய இதயங்களைப் படிப்பதாற் பயன் ஏதுமில்லை என்றே அக்காலத்து அறிஞர் பலர் எண்ணியிருந்தனர்.

இளமையும் கல்வியும்

1860களின் பிற்பகுதியில், மொன்றியலுக்கு மேற்கே சென் அன்ட்ரூஸ் ஈஸ்ட் என்னும் சிற்றூரில் மோட் பிறந்தார். கனடாவின் பிரதமராக 1891, 1892ஆம் ஆண்டுகளில் விளங்கிய ஜோன் அபொற் இவருக்கு உறவினர் ஆவார். குலப்பெருமை இருந்தும் குழந்தைப் பருவம் இனிதாக அமையவில்லை. மோட் ஏழு மாதக் குழந்தையாய் இருக்கையில் தாயைக் கசநோய் கொண்டு சென்றது. தந்தை பிரிந்து சென்றுவிட, மோட்டையும் தமக்கை அலிசையும் தாய்வழிப் பாட்டியாரே வளர்த்தார். பேத்தியர் இருவருக்கும் தமது குடும்பப் பெயரையும் அவரே வழங்கினார்.

பதினைந்து வயது வரை மோட் வீட்டிலேயே கற்றார். பாடசாலைக்குச் செல்ல வேண்டும் என்ற ஏக்கம் அவரை வாட்டியது. பின்னர் மொன்றியலில் ஒரு பாடசாலையிற் சேர்ந்து, புலமைப்பரிசில் பெற்று, மக்கில் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்திற் புகுந்தார். அப்பீடம் பெண்களுக்குக் கதவைத் திறந்தது 1884ஆம் ஆண்டிலேதான். 1890இல் அவர் தங்கப் பதக்கத்துடன் பட்டம் பெற்றார்.

மூடிய கதவுகள்

மருத்துவம் கற்பதே அவரது பேரவா. ஆனால் மக்கில் மருத்துவ பீடம் பெண்களை ஏற்க மறுத்தது. மோட்டும் தோழியரும் விண்ணப்பம் எழுதினர்; நகரத்துப் பெரியோரின் ஆதரவைத் திரட்டினர். கதவு திறக்கவில்லை. இங்கே எம் வாசகர் ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். சென்னை மருத்துவக் கல்லூரி 1875ஆம் ஆண்டிலேயே பெண்களை மாணவியராக ஏற்றுக்கொண்டது. மக்கில் மருத்துவ பீடமோ 1918ஆம் ஆண்டில்தான் அதனைச் செய்தது.

மொன்றியலில் இயங்கிய பிஷப்ஸ் பல்கலைக்கழக மருத்துவ பீடம் மோட்டை ஏற்றது. அங்கு ஆண்களிடையே தனியொரு பெண்ணாய் அமர்ந்து கற்று, 1894இற் பரிசில்களுடன் மருத்துவரானார். பின்னர் அலிசையும் அழைத்துக்கொண்டு ஐரோப்பா சென்று, சூரிச், வியன்னா முதலிய நகரங்களில் மூன்றாண்டுகள் மேற்கல்வி பெற்றார்.

வீட்டிலே ஒரு நீண்ட நோய்

அப்பயணத்தின்போதே பெருந்துயர் ஒன்று நேர்ந்தது. இசையில் வல்லவரான அலிஸ் நோயுற்றார். உடல் தேறிய பின்னரும் உள்ளம் தேறவில்லை. ஒருகால் எல்லை மீறிய எழுச்சியும் ஒருகால் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய் அவரைப் பற்றிக்கொண்டது. அந்நாளில் அதற்குத் தக்க மருந்து எதுவும் இருக்கவில்லை. மோட் தமக்கையைக் கைவிடவில்லை. பிறந்த ஊரில் இல்லத்தைப் பேணி, துணைக்கு ஆள் அமர்த்தி, தம் குறைந்த ஊதியத்தில் அச்செலவைத் தாங்கினார். 1934இல் அலிஸ் மறையும் வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இப்பணி நீடித்தது. தீராத நோய் ஒன்றுடன் ஒரு குடும்பம் வாழ்வது எத்தகையது என்பதை நூல்களிற் கற்கும் தேவை அவருக்கு இருக்கவில்லை. பகலில் ஆய்வுகூடத்திலும் எஞ்சிய பொழுதில் இல்லத்திலும் அவர் நோயோடுதான் வாழ்ந்தார்.

ஹோம்ஸ் இதயம்

1897இல் நாடு திரும்பிய மோட், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவம் செய்யும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மறு ஆண்டு மக்கில் மருத்துவ நூதனசாலையில் துணைக் காப்பாளர் பதவி கிடைத்தது. மாணவியாக ஏற்க மறுத்த அதே பீடம், கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்து அடுக்குவதற்கு அவரை அழைத்தது என்றே பலரும் எண்ணியிருப்பர். அதனைச் சிறு வேலை என்று அவர் கருதவில்லை. பல்லாண்டுகளாகச் சேர்ந்து கிடந்த நோயுற்ற உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார்; அவற்றுக்குரிய நோயாளரின் குறிப்புகளைத் தேடினார்; பெயரும் எண்ணும் இட்டு ஒழுங்கு செய்தார். முன்னர் மக்கிலில் ஆசிரியராய் இருந்து, அப்போது அமெரிக்காவின் போல்ற்றிமோர் நகரிற் புகழுடன் விளங்கிய வில்லியம் ஒஸ்லர் என்னும் பேராசிரியரை 1898இன் இறுதியிற் சந்தித்தார். அந்நூதனசாலையில் ஒரு பெருஞ்செல்வம் உறைந்து கிடக்கிறது என்று ஒஸ்லர் ஊக்குவித்தார்.

அச்செல்வத்துள் ஒன்று விசித்திரமான ஓர் இதயம். நம் இதயத்தில் மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு அறைகள் உண்டு. கீழ் அறைகளுள் ஒன்று நுரையீரலுக்கும் மற்றையது உடலுக்கும் குருதியைச் செலுத்தும். மோட் கண்ட இதயத்திலோ முழுமையான கீழ் அறை ஒன்றே இருந்தது. அது யாருடையது? மோட் தேடிக் கண்டறிந்தார். மக்கில் மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியான அன்ட்ரூ ஹோம்ஸ் 1824ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருந்த ஓர் இளைஞருடைய இதயம் அது. இத்தகைய இதயத்துடன் ஒரு பிள்ளை வளர்ந்து இளைஞனாகவும் முடிந்தது என்பதை அது காட்டிற்று. மறக்கப்பட்டிருந்த அக்கட்டுரையை 1901இல் மோட் மீண்டும் வெளியிட்டார். 1907இல் தீ மூண்டு நூதனசாலையின் பெரும்பகுதியை அழித்தபோதும் ஹோம்ஸ் இதயம் தப்பியது. அழிந்ததை மோட் மீளக் கட்டியெழுப்பினார்.

ஆயிரம் இதயங்கள்

ஒஸ்லர் தாம் தொகுத்த பெரும் மருத்துவ நூலிற் பிறவி இதய நோய் பற்றிய பகுதியை எழுதும் பொறுப்பை மோட்டிடம் ஒப்படைத்தார். 1908இல் வெளிவந்த அப்பகுதிக்காக அவர் 412 நோயாளரின் விபரங்களைத் திரட்டினார். அத்துடன் அவர் நிறுத்தவில்லை. உலகின் பல பாகங்களிலிருந்தும் மருத்துவர்கள் அவருக்குக் குறிப்புகளை அனுப்பினர். 1936இல் ஆயிரம் நோயாளரின் விபரங்களை அடிப்படையாகக் கொண்ட, படங்கள் நிறைந்த பெருநூலை அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்டது.

அந்நூலில் அவர் செய்தது என்ன? குறைகள் அனைத்தையும் மூன்று பெருங்கூறுகளாக வகுத்தார். உடல் நீலம் பாரிக்காதவை முதற்கூறு. தொடக்கத்தில் நீலமின்றிப் பின்னாளில் நீலம் தோன்றுபவை இரண்டாவது. தொடக்கம் முதலே நீலம் காட்டுபவை மூன்றாவது. எந்த வழியே குருதி தவறிச் செல்கின்றது என்பதே இவ்வகுப்பின் அடிப்படை. நோய் இன்னது, அதன் காரணம் இன்னது என்று அறிந்த பின்னரே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் வகுத்த முறையன்றோ இது! மோட் அம்மையார் புதிய மருந்து ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. சத்திரசிகிச்சையால் ஓர் இதயத்தையும் சீர்செய்யவில்லை. பார்த்தார், ஒப்பிட்டார், பெயரிட்டார், எண்ணினார். பயனற்றதென்று பிறர் ஒதுக்கிய இதயங்களை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர் ஒதுக்கவில்லை.

இத்தனைக்கும் அவர் பெற்ற பதவி உயர்வு சொற்பமே. 1910இல் மக்கில் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் அளித்தது. அப்போதும் பெண்கள் அங்கு மருத்துவ மாணவியர் ஆக இயலவில்லை. 1936இல் ஓய்வு பெறும் வரை உதவிப் பேராசிரியர் என்ற நிலைக்கு மேல் அவர் உயர்த்தப்படவில்லை. 1940 செப்தெம்பர் 2ஆம் நாள் மொன்றியலிற் காலமானார்.

விதை முளைத்தது

அவர் கண்மூடுமுன்பே விதை முளைக்கத் தொடங்கிவிட்டது. 1938இற் பொஸ்ரன் நகரில், பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டிய குருதிக்குழாய் மூடாதிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்திக்கு றொபேட் குறோஸ் என்னும் மருத்துவர் சத்திரசிகிச்சையால் அதனை அடைத்தார். அபொற் அம்மையாரின் ஆய்வுகளைக் கற்று அவ்வழியிற் சென்றவர் ஹெலன் ரௌசிக் என்னும் பெண் மருத்துவர். இவரும் இளமையிற் கசநோயாலும் எழுத்துகளை வாசிப்பதில் ஏற்பட்ட இடர்ப்பாட்டாலும் துன்புற்றவர். பின்னர் செவிப்புலனும் குன்றியமையால், குழந்தைகளின் மார்பிற் கைவைத்து இதயத்தின் ஓட்டத்தை உணர்ந்தார். நுரையீரலுக்குக் குருதி போதாமையாற் குழந்தை நீலம் பாரிக்கின்றதெனின், புதிய வழியொன்றை அமைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். 1944 நவெம்பரிற் போல்ற்றிமோரில் அல்பிரட் பிளலொக் என்னும் மருத்துவர், விவியன் தோமஸ் ஆய்வுகூடத்தில் வகுத்த முறைப்படி, கைக்குச் செல்லும் நாடியை நுரையீரல் நாடியுடன் இணைத்தார். அந்த முதற் குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆயினும் அதன் பின் வந்த நீலக் குழந்தைகள் பலர் எழுந்து நடந்தனர். 1961ஆம் ஆண்டளவில் தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் திறந்த இதயச் சத்திரசிகிச்சை நிகழத் தொடங்கிவிட்டது.

நாம் வாழும் கியூபெக் மாகாணத்தில் 2010ஆம் ஆண்டுக்குரிய ஆய்வொன்றின்படி, பிறவி இதயக் குறையுடன் வாழ்வோருள் மூவரில் இருவர் வளர்ந்தோர். குழந்தைப் பருவத்தைத் தாண்டமாட்டார் என்று அஞ்சப்பட்டோர் இன்று தொழில் புரிகின்றனர், இல்லறம் நடத்துகின்றனர். மெக்சிக்கோ நகரின் தேசிய இதயவியல் நிலையத்தில் டியேகோ றிவேரா வரைந்த பெரும் சுவரோவியத்தில், இதய மருத்துவ மேதைகளிடையே இடம்பெற்ற ஒரே பெண் மோட் அபொற் ஆவார். கனடிய அஞ்சல் திணைக்களமும் 2000ஆம் ஆண்டில் அவருக்கு முத்திரை வெளியிட்டது.

எமக்கு எஞ்சும் கடமை

பெற்றோர்களே! இதய நோயாயினும், நீரிழிவாயினும், ஆஸ்த்மாவாயினும், வலிப்பு நோயாயினும், பிள்ளையின் நீண்ட நோயை ஊரார் அறியாது மறைப்பது எம்மவரிடையே நெடுநாள் வழக்கம். பெண் பிள்ளையாயின் அம்மறைப்பு இருமடங்காகும். நாளை திருமணப் பேச்சிலே தடை வருமே என்ற அச்சம் எமக்குப் புரியாததன்று. ஆனால் மறைக்கப்பட்ட நோயை ஆசிரியர் அறியார். அவசர வேளையில் உதவ வேண்டிய தோழரும் அறியார். அக்குழந்தையோ தன் உடலே ஒரு குற்றம் என்று எண்ணி வளரும். பிள்ளை எதனைச் செய்யலாம், எதனைச் செய்யலாகாது என்பதை மருத்துவரிடமே கேட்டறிவோம். அஞ்சி அஞ்சி விளையாட்டு முழுவதையும் தடுக்காதிருப்போம்.

மாணவச் செல்வங்களே! மருத்துவர் பிரெஞ்சில் உரைப்பதை அம்மாவுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லும் பணி உங்களுட் பலருக்கு வாய்த்திருக்கிறது. அது சிறிய பணியன்று. உங்கள் நோயானால் அதன் பெயரையும், உண்ணும் மருந்தின் பெயரையும் தமிழிலும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பிழையின்றிச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதிற் குழந்தைகள் வைத்தியசாலையை விட்டுப் பெரியோர் வைத்தியசாலைக்குச் செல்லும் நாளில், உங்கள் உடலைப் பற்றி நீங்களே பேச வேண்டியிருக்கும். வகுப்பிலே நோயுள்ள தோழர் ஒருவர் இருப்பின், இரக்கப் பார்வை வேண்டாம். விளையாட்டிற் சேர்த்துக்கொள்ளுங்கள், வராத நாளின் பாடத்தை எழுதிக் கொடுங்கள்.

பெயரற்றுக் கிடந்த குறைகளுக்குப் பெயர் சூட்டியவர் மோட் அபொற். அப்பெயர்களைக் கூசாமற் சொல்லும் துணிவை எம் இல்லங்களில் வளர்ப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.