ஆழத்தின் கணக்கைத் தன் உடம்பில் போட்டுப் பார்த்த ஹால்டேன்

கோடை விடுமுறைக்கு அந்தமான் போய்வரும் பிள்ளைகள் இப்போதெல்லாம் சங்கு, கிளிஞ்சலோடு நிற்பதில்லை. ஸ்கூபா டைவிங் கற்று, ஒரு சான்றிதழ் அட்டையும் வாங்கி வருகிறார்கள். அந்த முதல் அட்டைக்கு அனுமதி 18 மீட்டர், ஏறக்குறைய 60 அடி. மேற்கொண்டு பயிற்சி எடுத்தால் 30 மீட்டர். பொழுதுபோக்குக்கு மூழ்குகிறவர்களுக்குக் கடைசி எல்லை 40 மீட்டர். நம் கணக்கில் சொன்னால், மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி. அதில் சரிபாதிதான் புதியவருக்கு. 40 மீட்டர் என்பது அணை நிரம்பியதற்கும் மேல் பத்தடி.

இந்த எல்லைகளுக்குப் பின்னால் இருக்கும் அறிவில் பெரும்பங்கு ஓர் அப்பாவும் மகனும் சம்பாதித்துக் கொடுத்தது. அந்த மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன், இந்தியக் குடிமகனாக இறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சைப் பற்றி ஆராய்ந்தவர். கடலடியில் வேலை செய்து மேலே வருபவர்களுக்கு மூட்டுவலி, பக்கவாதம், சில சமயம் மரணம் ஏன் வருகிறது என்று பார்க்க, அழுத்த அறைக்குள் வெள்ளாடுகளை விட்டார். அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால் ஆடு வலியில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். காரணம், ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி விடும். பாங்கில் வேலை பார்த்தவனுக்கு இது ஓவர்டிராஃப்ட் மாதிரி தெரிகிறது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்துக் கடன் ஏறும். அதைத் தவணையாகத்தான் அடைக்க முடியும். படிப்படியாக நின்று நின்று மேலேறும் அட்டவணையை அப்பா 1908-ல் வெளியிட்டார். இன்று மூழ்குபவர் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகமின்றி ஏறி, 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று வருவது அந்த வழியில் வந்ததுதான்.

மகனையும் அப்பா விட்டுவைக்கவில்லை. 13 வயதில் பெரியவர்களுக்கான டைவிங் உடையை மாட்டி ஸ்காட்லாந்துக் கடலில் இறக்கினார். உடை தளர்வு, உள்ளே தண்ணீர் கசிந்தது. சுரங்கத்துக்குக் கூட்டிப்போய், மீத்தேன் தேங்கிய இடத்தில் நிற்கவைத்து ஷேக்ஸ்பியர் வசனம் சொல்லச் சொன்னார். பையன் கால் தளர்ந்து விழுந்த பிறகு, தரையோரம் காற்று நன்றாக இருப்பதைத் தானே தெரிந்துகொண்டான். இந்த வளர்ப்புமுறையை நான் சிபாரிசு செய்யவில்லை.

முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் காயம்பட்டு, சிகிச்சைக்காக முதன்முறை இந்தியா வந்தார். பிறகு மரபியலில் கணிதத்தைப் புகுத்திப் பெரும் பேர் வாங்கினார். அது தனிக் கதை.

1939 ஜூன் 1-ம் தேதி தெட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் வெள்ளோட்டத்தின்போது லிவர்பூல் விரிகுடாவில் மூழ்கியது. உள்ளே 103 பேர்; பிழைத்தவர்கள் 4 பேர். இறந்தவர்களில் பலர் கப்பல் கட்டும் தொழிலாளர்கள். தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டதால் ஹால்டேன் காரணம் தேட இறங்கினார். நண்பர்கள் சிலரோடு இரும்பு அறைக்குள் அடைபட்டு, தாங்கள் விட்ட மூச்சையே மணிக்கணக்கில் சுவாசித்துப் பார்த்தார்.

போர்க்காலத்தில் கடற்படைக்காகச் சோதனை நீண்டது. செவிப்பறை கிழிந்தது. பின்னாளில் மனைவியான ஹெலன் ஸ்பர்வேயும் அந்த அறைக்குள் போனவர்தான். அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனே விஷமாகும் என்பதை வலிப்பு வந்து தெரிந்துகொண்டார்கள். அப்படி ஒரு வலிப்பில் ஹால்டேனின் முதுகெலும்பு நசுங்கி, அந்த வலி கடைசிவரை போகவில்லை. சிலிண்டரில் இருப்பது ஆக்ஸிஜன் என்று நினைப்பவர்கள் கவனிக்கவும். பொதுவாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் இதே காற்றுதான்.

இன்னொரு சோதனை எனக்கு மிகப் பிடித்தது. 300 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் ஆட்களை உட்காரவைத்துப் பெருக்கல் கணக்குப் போடச் சொன்னார்கள். படித்தவர்களே தப்புத் தப்பாகப் போட்டார்கள். போதையில் இருந்தவர்களுக்குத் தாங்கள் தெளிவாக இருப்பதாகவே நினைப்பு. நைட்ரஜன் போதை 30 மீட்டர் வாக்கிலேயே பலருக்குத் தலைகாட்டும். அந்த நிலையில் சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று மீட்டரைப் பார்த்தாலும் புத்தியில் ஏறாது. அங்கே ஒவ்வொரு மூச்சும் மேலே இருப்பதைப் போல நான்கு மடங்கு காற்றைத் தின்னும் வேறு. பிரபலமான ஓர் அட்டவணைப்படி 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம். 30 மீட்டரில் 20 நிமிடம்தான். புதிதாக அட்டை வாங்கிய பிள்ளையை, கூட வரும் அனுபவசாலி 'நான் இருக்கிறேன், வா' என்று 30-க்கு அழைத்தால் மறுத்துவிடச் சொல்லுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் மூச்சை அடக்கி மூழ்கி, அடக்கியபடியே மேலே வருவார்கள். கிணற்றில் அது சரி. மேலே இழுத்த காற்று மேலே வரும்போது பழைய அளவுக்குத்தான் திரும்பும். சிலிண்டர் காற்றை ஆழத்தில் இழுத்துவிட்டு மூச்சை அடக்கி ஏறினால், 10 மீட்டரிலிருந்து வருவதற்குள் அது இரண்டு மடங்காகும். நுரையீரல் கிழியும். நல்ல நீச்சல்காரனுக்குத்தான் இந்தப் பழக்கம் ஊறிப்போயிருக்கும்.

கடைசியாக மூழ்கிய பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருப்பது நல்லது. ராமேஸ்வரத்தில் மூழ்கிவிட்டு வருகிறவர்கள் அதே இரவு நேராக ஏற்காடு ஏறவும் வேண்டாம். மலையிலும் காற்றழுத்தம் குறைவுதானே.

1957-ல் ஹால்டேன் தம்பதி இங்கிலாந்தை விட்டுக் கல்கத்தா வந்து, மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார்கள். ஹால்டேன் ஜிப்பா போட்டார், சைவத்துக்கு மாறினார், குடியுரிமை பெற்றார். பிறகு புவனேஸ்வரம் போய் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். குடல் புற்றுநோய் வந்தபோது மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அந்த நோயைக் கிண்டல் செய்து கவிதை எழுதினார். தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள் என்பது அதன் சாரம். 1964 டிசம்பர் 1-ம் தேதி புவனேஸ்வரத்தில் இறந்தார். அவர் விருப்பப்படியே உடல், மாணவர்கள் படிப்பதற்காகக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது.