நியாயாதிபதி ஸர் எட்வர்ட் கோக் சரித்திரச் சுருக்கம்

அரசன் சட்டத்திற்கு மேற்பட்டவனோ உட்பட்டவனோ என்னும் வினா மிகப் பழையது. பல தேசங்களில் அரசராட்சி ஒழிந்த பின்னரும் அவ்வினா ஒழிந்திலது. ஆள்வோர் பெயர் மந்திரி என்றும் அதிகாரி என்றும் சபை என்றும் மாறிற்று, அவ்வளவே. அதற்கு விடை கூறப்புகுந்து தம் உத்தியோகத்தை இழந்த ஒரு பெரியாரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு வரையலாயினோம். அவர் இங்கிலாந்து தேசத்து ஸர் எட்வர்ட் கோக். கோக் என்றெழுதினும் குக் என்றே அந்நாட்டார் ஒலிப்பர்.

இவர் 1552-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி நார்போக் ஜில்லாவைச் சேர்ந்த மைல்ஹாம் என்னும் சிற்றூரிற் பிறந்தார். வக்கீலாயிருந்த தந்தையார் இவரது இளம்பிராயத்திலேயே காலஞ்சென்றார். கேம்பிரிட்ஜ் டிரினிடி கலாசாலையிற் கற்று, லண்டனிற் சட்டம் பயின்று, 1578-இல் வக்கீலாயினார். எலிஸபெத் ராணியார் காலத்தில் இவரது ஏற்றம் மிக விரைவானது. 1592-இல் ஸாலிஸிடர் ஜெனரலும், 1593-இல் காமன்ஸ் சபைத் தலைவரும், 1594-இல் அட்டர்னி ஜெனரலும் ஆயினார். இக்கடைசிப் பதவியைப் பெரிதும் விழைந்து பெறாது நின்றவர் தத்துவ நூலாசிரியராகிய பிரான்ஸிஸ் பேக்கன். அன்று மூண்ட பகை பின்னர்த் தணிந்ததேயில்லை.

அட்டர்னி ஜெனரலாயிருந்த காலத்துக் கோக்கை நாம் புகழ்தற்கில்லை. 1603-இல் ஸர் வால்டர் ராலே மீது வின்செஸ்டர் நகரில் ராஜத்துரோக வழக்கு நடந்தது. முதன்மையான சாட்சியம் காபம் பிரபு என்பவரின் வாக்குமூலமே. அவரைத் தம்முன் நேரில் நிறுத்துமாறு ராலே பன்முறை வேண்டினார், கோக் அதனை எதிர்த்தார், நீதிபதிகளும் மறுத்தனர். கூண்டில் நின்றவரைக் கோக் வைத வசைகள் மிகக் கொடியவை. சரித்திரம் எழுதுவோர் சிலர் இப்பகுதியை விரைந்து கடப்பர். எமக்கு அது முறையெனத் தோன்றவில்லை. பிற்காலத்து இவர் நாட்டிய நியாயங்கள் சில, இவரே முன்பு பிறர்க்கு மறுத்தவையாம்.

1606-இல் காமன் பிளீஸ் நியாயஸ்தலத்துப் பிரதம நீதிபதியாயினார். பதவி மாறவே மனிதரும் மாறினார். அப்போது அரசாண்ட முதலாம் ஜேம்ஸ், அரசர்க்கு அதிகாரம் கடவுளாலேயே அளிக்கப்பட்டது என்னும் கொள்கையுடையவர். நீதிபதிகள் தம் பிரதிநிதிகளேயாதலின் விரும்பும் வழக்கைத் தாமே தீர்க்கலாகாதோ என்பது 1607-இல் எழுந்த வாதம். அரசர் எத்துணை அறிவுடையரேனும் சட்டம் நெடும் பயிற்சியாற் கைவரும் கலை என்றும், அரசர் மனிதர் எவர்க்கும் கீழ்ப்படாரேனும் கடவுளுக்கும் சட்டத்திற்கும் கீழ்ப்பட்டவரே என்றும் தாம் விடையிறுத்ததாகக் கோக் குறித்துள்ளார். அரசரின் சினங்கண்டு கோக் தரையில் வீழ்ந்து மன்னிப்பு வேண்டினார் என்று அக்காலத்துக் கடிதமொன்று கூறும். இரண்டும் உண்மையாயிருத்தல் கூடும்.

1610-இல் வேறொரு வினா வந்தது. லண்டனிற் புதுக் கட்டிடங்கள் எழுப்புதலையும், கோதுமையினின்று கஞ்சிப்பசை செய்தலையும் அரசர் பிரகடனத்தால் தடுக்கலாமோ என்று மந்திரிமார் கேட்டனர். கோக் உடனே விடை கூறாது ஏனை நீதிபதிகளுடன் ஆராய்ந்தார். சட்டத்திற் குற்றமல்லாததைப் பிரகடனம் குற்றமாக்க மாட்டாது. தேசத்துச் சட்டம் அளித்ததற்கு மேல் அரசர்க்குத் தனியுரிமையில்லை என்பது முடிவாயிற்று. 2019-ஆம் ஆண்டிற் பிரதம மந்திரி போரிஸ் ஜான்ஸனின் ஆலோசனைப்படி பார்லிமெண்டு 5 வாரம் ஒத்திவைக்கப்பட்டபோது, அது செல்லாதென ஐக்கிய ராஜ்யத்துச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 11 பேரும் செப்டம்பர் 24-ஆம் தேதி ஒருமுகமாய்த் தீர்த்தனர். அத்தீர்ப்பில் இப்பழைய முடிவும் எடுத்தாளப்பட்டது.

அதே 1610-இல் டாக்டர் பானம் என்பவரின் வழக்குத் தீர்ந்தது. தன் அனுமதியின்றி வைத்தியம் செய்தாரென லண்டன் வைத்தியர் சங்கம் அவர்க்கு அபராதம் விதித்துச் சிறையிலும் இட்டது. அபராதத்திற் பாதி அச்சங்கத்திற்கே சேர்வது. தன் வழக்கிற்குத் தானே நீதிபதியாதல் தகாதென்றும், பொது நியாயத்திற்கு முரணான பார்லிமெண்டுச் சட்டமும் செல்லாதென்றும் கோக் எழுதினார். முற்பகுதியை மறுப்பாரில்லை. நம் தேசத்தில், தாமும் ஒரு விண்ணப்பதாரராயிருந்த காட்டிலாகா அதிகாரி தேர்வுக்குழுவிலும் அமர்ந்தமையால், சுப்ரீம் கோர்ட்டு 1969-இல் அத்தேர்வை ரத்து செய்தது. பிற்பகுதியை இங்கிலாந்து ஏற்கவில்லை. அங்கே பார்லிமெண்டே மேலானது. எனினும் 2005-இல் ஜாக்ஸன் வழக்கில் நீதிபதிகள் சிலர், அம்மேன்மைக்கும் ஓர் எல்லை இருத்தல் கூடுமென்றனர். எழுதப்பட்ட அரசியல் சட்டமில்லாத நாட்டில் எல்லை இன்னதென்று நீதிபதிகளே வரையறுத்தல் அஞ்சத்தக்கதே. எல்லையே இல்லையென்பது அதனினும் அஞ்சத்தக்கது.

1613-இல் கிங்ஸ் பெஞ்சு நியாயஸ்தலத்திற்கு மாற்றப்பட்டார். 1615-இல் பிளிமத் நகரசபையினின்று நீக்கப்பட்ட ஜேம்ஸ் பாக் என்பவர் அங்கு முறையிட்டார். அவர் நகரத் தலைவரைப் பழித்ததாகக் கூறப்பட்ட சொற்கள் இங்கு எழுதத் தக்கனவல்ல. ஆயினும் அழைத்து விசாரியாது நீக்கியது செல்லாதென்று அவரை மீண்டும் அமர்த்தத் தீர்ப்பாயிற்று. சங்கம் நடத்தும் நாம் இதனை ஊன்றி நோக்கல் வேண்டும். பாக் நல்லவரென்று கோக் கூறவில்லை. கேளாது நீக்கலாகாதென்றே கூறினார். பன்னிரண்டு ஆண்டுகட்கு முன் ராலே வேண்டியதும் இதனோடு ஒத்ததே.

1616-இல் இவர் வீழ்ச்சி நேர்ந்தது. அரசருரிமை பற்றிய வழக்கொன்றைத் தம்மொடு பேசும்வரை நிறுத்துமாறு அட்டர்னி ஜெனரலாயிருந்த பேக்கன் வாயிலாக ஜேம்ஸ் ஆணையிட்டார். அவ்வாணை சட்டத்திற்கு மாறென்று நீதிபதிகள் 12 பேரும் கையொப்பமிட்டு எழுதினர். அரசர் அவர்களை வருவித்து, அக்கடிதத்தைக் கிழித்தார், அனைவரும் மண்டியிட்டனர். இனி இவ்வாறு ஆணை வரின் நிறுத்துவீரோ என்று வினவப்பட்டபோது 11 பேர் இசைந்தனர். கோக் மட்டும், அவ்வேளை வரும்போது நீதிபதிக்குத் தக்கதைச் செய்வேன் என்றார். நவம்பர் மாதத்தில் பதவி நீக்கப்பட்டார்.

மறு ஆண்டில், அரசரின் அன்பைப் பெறவேண்டி, தம் மகள் பிரான்ஸெஸை அவளும் தாயும் எதிர்க்கவும் பக்கிங்ஹாமின் தமையனுக்கு மணஞ்செய்வித்தார். தாய் ஒளித்துவைத்த இடத்தினின்று மகளை ஆட்களுடன் சென்று வலிந்து கொணர்ந்தார். அரசனது பலாத்காரத்தைத் தடுத்தவர் தம் இல்லத்தில் அதனையே செய்தார்.

1621-இல் பார்லிமெண்டிற் பேச்சுரிமைக்கு வாதாடிப் பல திங்கள் லண்டன் கோபுரச் சிறையில் இருந்தார். முதலாம் சார்லஸ் கட்டாயக் கடன் கொடாதவரைக் காரணங்கூறாது சிறையிட, 1628-இல் தம் 76-ஆம் பிராயத்தில் உரிமை விண்ணப்பத்தை இயற்றுவதில் முன்னின்றார். பார்லிமெண்டின் இசைவின்றி வரியில்லை, காரணங்காட்டாது சிறையில்லை என்னும் அதற்கு ஜூன் 7-ஆம் தேதி அரசர் இசைந்தார்.

1634-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் தேதி ஸ்டோக் போஜஸ் என்னும் ஊரிற் காலஞ்சென்றார். அக்காலத்தே அரசாணையால் வீடு சோதனையிடப்பட்டுக் கையெழுத்துப் பிரதிகள் கைப்பற்றப்பட்டன. பார்லிமெண்டு 1641-இல் அவற்றை அச்சிட ஆணை பிறப்பித்தது. மாக்னா கார்ட்டாவுக்கு அவர் வரைந்த விரிவுரை 1642-இல் வெளிவந்தது.