இரும்பு மோதிரமும் ஒரு டொரண்டோ பேராசிரியரும்

கனடாவில் பொறியியல் பட்டம் பெறுவோர் தாம் எழுதும் கரத்தின் சுண்டு விரலில் இரும்பு மோதிரமொன்றை அணிவது வழக்கம். டொரண்டோவில் பயின்று பொறியியலாளர்களான தமிழர் பலரும் இதனை அணிகின்றனர். இவ்வழக்கத்துக்கு வித்திட்டவர் டொரண்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹெர்பர்ட் ஹோல்டெய்ன்.

1869இல் இங்கிலாந்தில் பிறந்த ஹோல்டெய்ன், டொரண்டோவில் ஜான் கால்பிரெய்த் தலைமை வகித்த பொறியியல் கல்லூரியில் பயின்று, 1889இல் கல்வியை நிறைவு செய்தார். பல ஆண்டுகள் சுரங்கப் பொறியியலாளராகப் பணியாற்றியபின், 1908இல் அங்கேயே பேராசிரியராகத் திரும்பினார்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1907 ஆகஸ்ட் 29ஆம் தேதி, கியூபெக் நகருக்கு அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மீது கட்டப்பட்டுவந்த ரயில் பாலம் சரிந்து 75 தொழிலாளர்கள் உயிரிழந்திருந்தனர். அவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மோஹாக் பூர்வகுடியினர். விபத்தை விசாரித்த மூவர் ஆணையத்தில் கால்பிரெய்த்தும் இடம்பெற்றார்.

பாலத்தின் நடு இடைவெளி 1600 அடியிலிருந்து 1800 அடியாக நீட்டப்பட்டபோது, அதன் எடை உரிய முறையில் மீண்டும் கணக்கிடப்படவில்லை. எஃகு அங்கங்கள் வளைவதைக் களத்திலிருந்தோர் கண்டனர். ஆனால் இறுதி முடிவெடுக்கும் ஆலோசகர் தியோடோர் கூப்பரோ நியூயார்க்கில் இருந்தார். எச்சரிக்கை பலனளிக்கும் முன்னரே பாலம் விழுந்துவிட்டது. புதிய வடிவமைப்பில் மீண்டும் கட்டப்பட்டபோது, 1916இல் நடுப்பகுதி ஆற்றில் விழுந்து மேலும் 13 பேர் மாண்டனர். 1917இல்தான் அதில் ரயில் ஓடியது.

மருத்துவர்களுக்கு இருப்பதுபோல் பொறியியலாளர்களுக்கும் ஓர் உறுதிமொழி வேண்டும் என 1922இல் மாண்ட்ரியாலில் கூடிய பொறியியலாளர்களிடம் ஹோல்டெய்ன் வலியுறுத்தினார். அதன் வாசகங்களை அவரது வேண்டுகோளின்பேரில் எழுதித் தந்தவர் ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்ளிங். 1925இல் முதலில் மாண்ட்ரியாலிலும், பின்னர் டொரண்டோவிலும் உறுதியேற்பு நடைபெற்றது.

முதல் மோதிரங்கள் இடிந்த பாலத்தின் இரும்பில் செய்யப்பட்டவை என்ற பரவலான நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. மோதிரம் தொழில் உரிமமும் அல்ல. ஒன்டாரியோவில் பொறியியல் தொழிலை நெறிப்படுத்தும் சட்டம் 1922இல் வந்தபோதிலும், உரிமம் கட்டாயமானது 1937இல்தான்.

உரிமம் தகுதியைச் சான்றுபடுத்தலாம். ஆனால் பிழையைக் கண்டவர் உரிய வேளையில் பணியை நிறுத்தச் சொல்லும் துணிவைச் சட்டத்தால் மட்டும் ஊட்டிவிட முடியாது. கியூபெக்கில் இல்லாமற்போனது அதுவே. 1961இல் மறைந்த ஹோல்டெய்ன் விட்டுச்சென்ற மோதிரம், வரைபடத்தில் கை பதியும் ஒவ்வொரு முறையும் அந்தப் பொறுப்பையே நினைவூட்டுகிறது.